மூன்றாம் நம்பர் பம்பில் ஏதோ குறைகிறது

மூன்றாம் நம்பர் பம்பில் ஏதோ குறைகிறது என்று நாடி சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன குறைகிறது என்று சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை.

வேம்பாருக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது. அங்கே ஓடுகிற ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் சுண்டைக்காய் அளவில் ஓர் உணரி ஒட்டியிருக்கும். அத்தனை உணரிகளையும் கேட்டுக்கொண்டிருக்கிற மூளைக்கு நாடி என்று பெயர். எந்த இயந்திரம் நல்லபடியாக ஓடும்போது எப்படி அதிரும் என்பதை அது வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது; கேட்டதை நாள்வாரியாகச் சேர்த்தும் வைத்திருந்தது. பழகிய சத்தத்தோடு புதிதாக ஏதாவது சேர்ந்தால் திரையில் சிவப்பு எரியும். பழகியதில் ஏதாவது இல்லாமல் போனால் மஞ்சள். சிவப்பைத்தான் எல்லோருக்கும் தெரியும். பேரிங் தேய்ந்தால் சத்தம் கூடும், போல்ட் தளர்ந்தால் சத்தம் கூடும். கெட்டுப்போன இயந்திரம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே மஞ்சள் என்று ஒரு விளக்கு இருப்பதையே பாதிப் பேர் மறந்திருந்தார்கள்.

பம்பு அறையைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார் நெஞ்சுவலியில் இறந்த மறுவாரம் அது எரிய ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூத்த ஃபிட்டர் ஐகோர்ட் துரை பம்பைப் பிரித்து மேய்ந்துவிட்டார். பேரிங்கை மாற்றினார், சீலை மாற்றினார், அடிப்போல்ட்டுகளை முறுக்கினார். மஞ்சள் அசையவில்லை. “பம்பு நல்லாத்தான் இருக்கு. நாடிக்குத்தான் கிறுக்குப் புடிச்சிட்டு” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பம்புதான் பெனிட்டாவின் தலையில் வந்து விழுந்தது.

பெனிட்டா கஸ்பாரின் மனைவி. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தவள். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை என்ற ஏற்பாட்டில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சும்மா அல்ல. இயந்திர பாகங்களைப் பற்றிய அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். முடித்த பிறகு ஆலையில் எரிகிற விளக்கு ஒன்றைத் தானே காரணம் கண்டுபிடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் வேலை நிரந்தரம். அவளுடைய போதாத காலம், ஆலையில் அப்போது எரிந்துகொண்டிருந்தது அந்த ஒரு விளக்குதான்.

பாடம் எடுத்தவள் தாஹிரா. காயல்பட்டினத்துக்காரி, பராமரிப்புப் பொறியாளர், பெனிட்டாவை விட நாலைந்து வயது இளையவள். முதல் நாள் ஒரு பேரிங்கைக் குறுக்கே வெட்டிய துண்டை மேசையில் வைத்தாள். உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள்.

“இந்தச் சின்னக் குண்டுதான் அம்புட்டுப் பாரத்தையும் தாங்குதா மேடம்?”

“குண்டு தாங்கல. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவுல எண்ணெய் இருக்குல்லா, முடிய விட மெல்லிசா? அது தாங்குது. சரியா ஓடுற பேரிங்ல இரும்பும் இரும்பும் தொடவே செய்யாது. தொட்டா அன்னைக்குத்தான் தேய ஆரம்பிக்கும்.”

பெனிட்டாவுக்கு இது பிடித்திருந்தது. பயிற்சிக்கு வரும்போது இரும்பு என்றாலே மூளைக்குள் ஏறாது என்று பயந்துகொண்டுதான் வந்தாள். வந்து பார்த்தால் எல்லாமே யார் யாரைத் தாங்குகிறார்கள், யார் யாரோடு உரசுகிறார்கள் என்ற கதையாக இருந்தது. கியர் பல்லோடு பல் கோத்துக்கொண்டது. கப்ளிங், மோட்டாரையும் பம்பையும் சேர்த்துவைத்து நடுவில் ஒரு ரப்பரையும் வைத்தது. இரண்டு பேரும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் முதலில் அடிபடுவது அந்த ரப்பர்தான். கல்யாண வீடுகளில் பேச வேண்டியதையெல்லாம் இந்தப் பிள்ளை வொர்க்‌ஷாப்பில் பேசுகிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நம்பர் பிளஞ்சர் பம்பு. இடியாப்ப உரலில் மேலிருந்து அழுத்துகிற மாதிரி, இரும்புத் தண்டு ஒன்று போய்ப்போய் வந்து நீரை அழுத்தித் தள்ளும். அவசரமே இல்லாமல் சுற்றுகிற பம்பு.

“சுத்துறதை முன்ன பின்ன போறதா மாத்துற இடத்துல ஒரு இரும்பு முளை இருக்கு, பின்னுன்னு பேரு. பின்னைச் சுத்தி வெண்கல வளையம், அதுதான் புஷ். புஷ் தேஞ்சா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டு விழும். டொக், டொக்னு” என்றாள் தாஹிரா.

பெனிட்டாவின் கையிலிருந்த பேனா நின்றது. “அது ஃபோன்ல கேக்குமா?”

“ஃபோன்லயா? பக்கத்துல வச்சிருந்தா கேக்கும். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

ஒண்ணுமில்லாமல் இல்லை. பம்பு அறைக்கு முன்பெல்லாம் ஐந்தாறு பேர் இருந்தார்களாம். நாடி வந்தபின் கஸ்பார் ஒருவர் போதும் என்றாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைப் பம்புகளோடுதான் அவர் சாப்பிட்டார். அந்த நேரத்தில் பெனிட்டா பேக்கரியின் பின்கட்டிலிருந்து அவரைக் கூப்பிடுவாள். அவருடைய ஃபோன் உறையில் காந்தம் உண்டு. மூன்றாம் நம்பரின் பேரிங் மூடி மேல் ஃபோனை ஒட்டவைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. கஸ்பார் பேச்சுக்குச் சிக்கனம் பிடிக்கிற ஆள். கதை சொல்கிறவளுக்கு ‘ம்’ கொட்டக்கூட வாய் திறக்க மாட்டார். இடது கையிலிருந்த ஸ்பானரால் மூடியில் ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் ‘ம்’.

“வாயைத் தொறந்து ம்னு சொன்னா முத்தா கொட்டிரும்?” என்று பெனிட்டா சண்டை போட்டிருக்கிறாள்.

“அதான் தட்டுதேன்லா” என்பார்.

அவள் சந்தேகப்பட ஆரம்பித்தது ஒரு குறிப்பிட்ட நாளில். மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது. மாற்றாள் கிடைக்காமல் அவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் கட்டிலில் கிடந்தபடியே கூப்பிட்டு, “ஸ்கேன் பாத்துட்டாவ. ஒண்ணும் இல்லன்னுட்டாவ. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நீங்க சாப்பிடுங்க” என்றாள். தட்டு வரவில்லை. காத்திருந்தாள். பம்பு எங்கோ தூரத்தில் இரைவது போல் கேட்டதே தவிர, தட்டு வரவேயில்லை. பம்பே கேட்டுக்கொள்ளட்டும் என்று ஃபோனை வைத்துவிட்டு அவர் கேன்டீனுக்குப் போயிருக்கிறார் என்று அன்றைக்கு அவள் முடிவு கட்டினாள். வீட்டுக்கு வந்தவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த தட்டுகள் ஒவ்வொன்றையும் அவள் பாதி மனதோடுதான் வாங்கிக்கொண்டாள். இப்போது கேட்பதற்கு ஆளும் இல்லை.

பாடம் முடிந்ததும் ஐகோர்ட் துரையைத் தேடிப் போனாள். “அண்ணே, மூணாம் நம்பர்ல பின் புஷ் எப்பவாது தேஞ்சிருக்கா?”

“தேயாம? ரெண்டு வருசத்துக்கு முந்தி மாத்தினேன். கழட்டுனா கடகடன்னு கிடந்திச்சு. எம்புட்டு நாளா தட்டிக்கிட்டு இருந்துச்சோ.”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெனிட்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அத்தனை வருடமும் தனக்கு ம் கொட்டியது தேய்ந்துபோன ஒரு வெண்கலத் துண்டாக இருந்தால்? படிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பயிற்சியின் கடைசிப் பகுதி சத்தம். தாஹிரா சொன்னாள்: “மெஷின் போடுற சத்தம் எல்லாம் ஷாஃப்ட்டோட, அதான் சுத்துற தண்டோட கணக்கு. சுத்துக்கு ஒண்ணு, சுத்துக்கு ரெண்டு, இப்படித்தான் வரும். கணக்கு பிசகாம வந்தா மெஷின். பிசகிச்சுன்னா வெளிய இருந்து வாரது. யாராவது ஸ்பானரைப் போட்டிருப்பாங்க, பூனை ஓடியிருக்கும்.”

“நாடிக்கு இது தெரியுமா?”

“தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பழக்கம் மட்டும்தான். இன்னொரு குறையும் உண்டு. பழுது மெதுவா, நாளுக்குத் துளி துளியா வந்துச்சுன்னா அதையும் பழகிரும். அதான் நம்மளை இன்னும் வச்சிருக்காங்க.”

பெனிட்டா மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “குறையுறது என்னன்னு எடுத்துக் காட்டச் சொல்ல முடியாதா மேடம்?”

தாஹிரா யோசித்தாள். கூடியதைப் பிரித்துப் பார்க்கத்தான் வழி உண்டு. இன்றைய சத்தத்திலிருந்து பழைய சத்தத்தைக் கழித்தால் புதிதாக வந்த பழுது மிஞ்சும். “அதையே தலைகீழாப் போட்டுப் பாப்போம். பழசுல இருந்து இன்னைக்கு உள்ளதைக் கழிப்போம்” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஸ்பீக்கரில் சோவென்று ஓர் இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. முந்திரியை யார் தின்றது என்று முதலாளி தன்னைக் கேட்டதாகவும், தான் சும்மா விடவில்லை என்றும் அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போனது.

“யாரு இது?” என்றாள் தாஹிரா.

பெனிட்டாவுக்கும் முதலில் தெரியவில்லை. முந்திரி விஷயம் நினைவுக்கு வந்ததும்தான் புரிந்தது. “நான்தான்” என்றாள்.

அதன்பின் இருவரும் வெகுநேரம் கேட்டார்கள். எல்லாம் அவளுடைய குரல். தண்ணீர் லாரி வராதது, தங்கச்சி வீட்டுச் சண்டை, கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலையின் சாயம். பெனிட்டா தவித்துக்கொண்டிருந்தது வேறு குரலுக்காக. “அவுக பேசினது ஒண்ணுகூட இல்லியா?”

“ஃபோன் மூடியில ஒட்டியிருந்துச்சு. உங்க குரல் நேரா இரும்புக்குள்ள போயிருக்கு. அவர் குரல் காத்துல வந்தது, உள்ள ஏறல.” தாஹிரா திரையில் மத்தியான நேரங்களைக் காட்டினாள். “இந்தப் பம்பு உங்களைத்தான் கேட்டுப் பழகியிருக்கு. தினம் மத்தியானம் நீங்க வருவீங்க. இப்ப வாரதில்ல.”

அவரைத் தேடி வந்த இடத்தில் தானே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது. பெனிட்டா அழவில்லை. அந்தக் குரலைச் சலிப்போடுதான் கேட்டாள். எவ்வளவு பேசியிருக்கிறேன், மூச்சு விடாமல் இப்படியா பேசுவார்கள் என்று.

டொக்.

இருவரும் நிமிர்ந்தார்கள். மறுபடி ஒன்று. பெனிட்டாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“தட்டு கேக்குது. புஷ்ஷா?” என்று தாஹிரா ஷாஃப்ட்டின் சுற்றுகளைத் திரையில் கோடுகளாக விரிக்கப் போனாள். தட்டுகள் அந்தக் கோடுகளின் மேல் விழுந்தால் இயந்திரம். விலகி விழுந்தால் ஆள்.

“வேண்டாம் மேடம்” என்றாள் பெனிட்டா. அப்புறம் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக நகர்த்திக்கொண்டு, “போடுங்க” என்றாள்.

கோடுகள் சீப்புப் பற்களைப் போல வரிசையாக வந்தன. தட்டுகள் அவற்றை மதிக்கவேயில்லை. அவள் முந்திரிக் கதையை முடித்ததும் ஒன்று. “கேக்கியளா?” என்றதும் இரண்டு. தங்கச்சி புருஷனைத் திட்டிய இடத்தில் வேகமாக மூன்று. அந்த ஆளை அவருக்கும் பிடிக்காது. புஷ் தேய்ந்திருந்த மாதங்களில் அதன் தட்டும் கூடவே இருந்தது, கோடுகளின் மேல், தன்பாட்டுக்கு. அதற்கு மேலே, தனியாக, அவர்.

பெனிட்டா ஒரு தேதியைச் சொன்னாள். தாஹிரா எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல என்று அவள் குரல் சொன்னது. நீங்க சாப்பிடுங்க. அப்புறம் அவள் அன்றைக்குக் கேட்ட அதே வெறுமை. ஆனால் இரும்பு கேட்டது வெறுமை இல்லை. சர் என்று ஏதோ உராய்ந்தது. நின்றது. மறுபடி உராய்ந்தது, மெதுவாக, ஒரே திசையில், திரும்பத் திரும்ப.

“இது மெஷின் இல்ல. கை மாதிரி இருக்கு. உள்ளங்கையால மூடியத் தடவுற மாதிரி” என்றாள் தாஹிரா.

“எனக்கு ஃபோன்ல கேக்கலியே.”

“ஃபோன் இதை இரைச்சல்னு வடிகட்டியிருக்கும். அதுக்குப் பேச்சு மட்டும்தான் வேணும்.”

அப்போதுதான் பெனிட்டா அழுதாள். அவள் சொன்ன பொய்க்கு அவர் ம் கொட்டவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அவள் குரல் வந்துகொண்டிருந்த இரும்பைத் தடவிக்கொடுத்திருக்கிறார். அது அவளுக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் அவர் போன பிறகு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் அவரிடம் கேட்டிருந்தால் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

தாஹிரா அவளை அழவிட்டுவிட்டுத் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கவலை வேறு. “பெனிட்டாக்கா, ஒரு விசயம் சொல்லணும். இந்த விளக்கு மாசக் கடைசிக்குள்ள அணையலன்னா மூணாம் நம்பரோட பதிவு அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்க கேட்டுப் பாப்பாங்க.”

“கேக்கட்டுமே. என் முந்திரிக் கதைதானே.”

“ஒரு மெஷின் பேச்சைக் கேக்கும்னு தெரிஞ்சா மத்த மெஷினை விடுவாங்களா? கம்ப்ரசர் பக்கத்துல நின்னுதான் சங்கத்துக்காரங்க பேசுவாங்க. இரைச்சல்ல யாருக்கும் கேக்காதுன்னு.” தாஹிரா குரலைத் தாழ்த்தினாள். “ப்ளோயர் பக்கத்துல நின்னு நானே அழுதிருக்கேன். என்னென்னமோ பேசியிருக்கேன்.”

அணைக்க வழி ஒன்றுதான். புது இயல்பு. பழகியதையெல்லாம் மறந்துவிட்டு இன்றிலிருந்து இந்தப் பம்பைப் புதிதாகப் பழகு என்று நாடிக்குச் சொல்ல வேண்டும். மறுகணம் பழைய பதிவு எதுவும் இருக்காது. நகல் எடுத்தால் எதற்கு எடுத்தாய் என்று அதே அலுவலகம் கேட்கும்.

“என் ஃபோன்ல பிடிச்சுக்கிடுதேன். அந்த இடத்தை மட்டும்” என்றாள் பெனிட்டா.

தாஹிரா சம்மதித்தாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பெனிட்டாவின் குரல் சுத்தமாக இருந்தது. நீங்க சாப்பிடுங்க. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இந்த ஃபோனும் கையை இரைச்சல் என்று துடைத்துவிட்டிருந்தது. விதவிதமாக வைத்துப் பார்த்தார்கள். மனிதன் பேசாததைப் பிடித்துவைக்கிற புத்தி அதற்கு இல்லை.

மாசக் கடைசி வரை பெனிட்டா தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து அந்த இடத்தைக் கேட்டாள். தாஹிரா கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள். கடைசி நாளன்று கேட்டு முடித்துவிட்டுப் பெனிட்டா தானே கதவைத் திறந்தாள்.

“நாளைக்கு வச்சுக்கிடலாமே. இன்னும் நேரம் இருக்கு” என்றாள் தாஹிரா. அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

“நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் மேடம். சங்கத்துக்காரங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. நீங்க அழுததும் உங்களோட இருக்கட்டும்.”

திரை அவளிடம் எந்தப் பாகம் குறைகிறது என்று கேட்டது. பேரிங், சீல், புஷ், கப்ளிங் என்று நீளமாக நீட்டியது. அவள் எதையும் தொடவில்லை. பாகம் இனிக் கிடைக்காது என்று ஒரு வரி இருந்தது, அதைத் தொட்டாள். பிறகு புது இயல்பு. மஞ்சள் அணைந்து பச்சை வந்தது. பம்பு அறையிலிருந்து அதே இரைச்சல் வந்துகொண்டிருந்தது, எதுவும் நடக்காத மாதிரி.

வேலை நிரந்தரமானது. பம்பு அறையே அவளுக்குக் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டை மூன்றாம் நம்பரின் பேரிங் மூடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். சாப்பிடும்போது பேசினாள்; பேச்சு முதுகு வழியே இரும்புக்குள் இறங்கியது. யாரிடம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வாய் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மறு வருடம் தங்கச்சி மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற விழாவுக்கு மணப்பாட்டுக்குப் போனாள். வேலைக்குச் சேர்ந்தபின் எடுத்த முதல் நீண்ட விடுப்பு. நாலாம் நாள் மத்தியானம், பந்தி பரபரப்பில் தாஹிராவிடமிருந்து ஃபோன்.

“அக்கா, எப்ப வாரீங்க? மூணாம் நம்பர்ல மஞ்சள் எரியுது.”

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைக் காணோம் என்று தேட இந்த உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே. “நீங்க அங்கனதான் நிக்கீங்களா? அந்தப் பேரிங் மூடி மேல ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க. கொஞ்சம் பேசுதேன், சரியாப் போகும்.”

பந்தலை விட்டு விலகி, கடல் பக்கமாகப் போய் நின்றுகொண்டு பேசினாள். பிள்ளைக்குப் போட்ட வெள்ளை கவுனைப் பற்றி. பிரியாணியில் உப்புக் குறைந்ததைப் பற்றி. தங்கச்சி புருஷன் இன்னும் திருந்தவில்லை என்பதைப் பற்றி.

டொக்.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

டொக்.

கண்ணை மூடிக்கொண்டாள். இருக்கட்டும், யாருடையதாகவோ இருக்கட்டும், கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று மனது கெஞ்சியது. ஆனால் விரல் அவளைக் கேட்காமலே தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. டொக். டொக். டொக். “கேக்கியளா?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அது அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. சுற்றுக்கு ஒன்று.

“மேடம், மூணாம் நம்பரை நிறுத்துங்க. பின் புஷ் தேஞ்சிருக்கு” என்றாள்.

“அப்படியா? சிவப்பு ஒண்ணும் காட்டலியே.”

“மெதுவா வந்திருக்கும். அது பழகிட்டு. ஐகோர்ட் அண்ணன்ட்ட சொல்லிக் கழட்டச் சொல்லுங்க.”

தாஹிரா ஃபோனை மூடி மேலேயே வைத்துவிட்டு நிறுத்தப் போனாள். மோட்டார் அடங்குகிற சத்தம் கேட்டது. சுற்று குறையக் குறையத் தட்டுகளும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழுந்தன. கணக்கு இல்லாமல் வருவதைப் போலவே இருந்தது. கடைசித் தட்டு வர வெகுநேரம் ஆனது. அது வரும்வரை பெனிட்டா ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வந்ததும், “ம்” என்றாள்.